அனுமதி உண்டு

காஞ்சனா தானாகவே ஒரு மென்பொருள் வாங்கிவிட்டாள்.

ஜெகநாதனின் திரையில் அது சின்னச் செய்தியாக வந்தது. வாங்கியவர்: காஞ்சனா, டெஸ்பேட்ச். ஒப்புதல் அளித்தவர்: தேவையில்லை.

கடைசிச் சொல்லை மறுபடி படித்தான். அந்த இடத்தில் இதுவரை அவன் பெயர்தான் இருந்தது.

திருப்பதிக்கு வெளியே, ரேணிகுண்டா சாலையில் இருந்தது தொழிற்சாலை. வெஸ்டர்ன் டாய்லெட்டுக்கு மூடி செய்தார்கள். ஜெகநாதன் அங்கே ஐ.டி. அட்மின். வள்ளியூரிலிருந்து வந்தவன். தற்காலிக வேலை. பர்மனென்ட் ஆனால்தான் மனைவி யமுனாவையும் மகளையும் அழைத்துக்கொள்ள முடியும்.

யாருக்கு என்ன மென்பொருள் வேண்டுமென்றாலும் அவனிடம் கேட்க வேண்டும். அவன் மேலாளர் ரங்கையாவிடம் கேட்டு ஒப்புதல் தர வேண்டும். அவன் வேலையில் பாதி அதுதான். மீதிப் பாதி, பிரிண்டரில் சிக்கிய காகிதத்தை இழுப்பது.

டெஸ்பேட்சுக்குப் போனான்.

"என்னைக் கேக்காம எப்படி வாங்குனீங்க?"

"கேட்டேனே சார். போன மாசமே கேட்டேன். பாத்துக்கினு கீறேன்னீங்க. இன்னும் பாத்துக்கினேதான் கீறீங்க. இன்னிக்கு அதுவே, 'நீயே வாங்கிக்கோ'ன்னு ஒரு பட்டன் காட்டிச்சு. அமுக்கிட்டேன்."

"பட்டன் காட்டுனா அமுக்கிருவீங்களா?"

"வேற எதுக்கு சார் பட்டன்?"

காஞ்சனா பிச்சாட்டூர்க்காரி. தமிழும் தெலுங்கும் அவளுக்கு ஒரே மூச்சில் வரும். ஜெகநாதனுக்குத் தமிழ் மட்டும்தான். அதுவும் அங்கே யாரும் பேசாத தமிழ்.

"இதை நிறுத்த வழி உண்டு," என்றான்.

"எதுக்கெடுத்தாலும் உண்டு உண்டுன்றீங்க. 'கீது'ன்னு சொல்லுங்க சார். ஒண்ணும் கொறஞ்சிட மாட்டீங்க."

அறைக்குத் திரும்பினான். மென்பொருள் நிறுவனத்தின் மின்னஞ்சல் காத்திருந்தது. ஊழியர்கள் இனி நிர்வாகியின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டாம், தாங்களே உரிமம் வாங்கிக்கொள்ளலாம் என்று மகிழ்ச்சியோடு சொன்னது. விரும்பாத நிர்வாகிகள் இந்த வசதியை நிறுத்திவைக்கலாம் என்று கடைசியில் சிறிய எழுத்தில் சொன்னது.

மேலே கேட்காமல் ஜெகநாதன் எதையும் நிறுத்தியதில்லை. தொடங்கியதும் இல்லை.

டீ கொண்டுவரும் சந்திரம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அவன் சேர்ந்த அன்று, "டீ குடிக்கிற பழக்கம் கீதா நைனா?" என்று அவள்தான் கேட்டாள். "உண்டு" என்றான். அவள் ஊற்றவில்லை. கெட்டிலைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள். அவன் வேலையை முடித்து நிமிரும்வரை நின்றாள். மரியாதை தெரிந்த ஊர் என்று யமுனாவிடம் போனில் சொன்னான்.

"தெலுங்கு கஷ்டமா இல்லையா?" என்று யமுனா கேட்டாள்.

"ஒரு கஷ்டமும் இல்ல. பாதி நம்ம தமிழ்தான்."

ரங்கையாவின் அறைக்குள் நுழைந்தான். ரங்கையா போனில் இருந்தார். அவர் எப்போதும் போனில்தான் இருப்பார். மறுமுனையில் ஹைதராபாத் தலைமை அலுவலகம். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும் என்று எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

ஜெகநாதன் 'கிடையாது' என்ற ஒரே ஒரு சொல்லை எதிர்பார்த்துப் போயிருந்தான்.

"சார், ஸ்டாஃப் என்கிட்ட கேக்காம அவங்களே லைசென்ஸ் வாங்குதாங்க. அதுக்கு அனுமதி உண்டா?"

ரங்கையா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. வலது கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். சந்நிதியில் நிற்பது போல இருந்தது.

"உண்டு," என்றார்.

வள்ளியூரில் கேட்பது போலவே இருந்தது. அத்தனை சுத்தம்.

அனுமதி உண்டென்றால் ஒப்புதல் தர ஆள் எதற்கு? கையோடு அதையும் கேட்டுவிடுவது நல்லது என்று பட்டது.

"அப்ப என்னைப் பர்மனென்ட் பண்றது உண்டா சார்?"

அதே கை. "உண்டு, உண்டு."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான். யமுனாவைக் கூப்பிட்டான்.

"பர்மனென்ட் உண்டுன்னுட்டாரு."

"நிசமாவா?"

"ரெண்டு தடவ சொன்னாரு."

யமுனா ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். "அப்ப ஸ்கூல்ல ராஜினாமா எழுதிக் குடுத்துரட்டா?" என்றாள்.

"குடுத்துரு."

பிறகு ஊழியர் எல்லாருக்கும் மின்னஞ்சல் அனுப்பினான். அவரவர் தேவைக்கு அவரவரே மென்பொருள் வாங்கிக்கொள்ளலாம். மேலிடத்து அனுமதி பெறப்பட்டுள்ளது.

வாங்கினார்கள். கணக்குப் பிரிவு வாங்கிய காலண்டர் அமெரிக்க நேரத்தில் ஓடியது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் தூங்கப் போகச் சொன்னது. கேன்டீன், திட்டப்பணிகளைக் கண்காணிக்கும் மென்பொருளை வாங்கியது. சாம்பார் தாமதமாகிறது என்று தொழிற்சாலை முழுவதற்கும் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது. கேட்டில் செக்யூரிட்டி சாய்குமார் மீட்டிங் ஏற்பாடு செய்யும் மென்பொருள் வாங்கினான்.

"அன்னா, சூப்பரா கீது. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு மீட்டிங் போட்டுட்டேன்."

"லாரிக்கு என்னத்துக்குப்பா மீட்டிங்?"

"டைமுக்கு வரத்துக்கு. ஒரு டிரைவர் 'வர இயலாது'ன்னு அமுக்கிட்டான். வந்து நிக்கிறான். உள்ள வுடல."

"வந்தவன ஏன் விடல?"

"வர இயலாதுன்னு சொல்லிக்கினு வந்தா எப்படி அன்னா வுடுறது?"

ஜெகநாதன் யோசித்தான். குழப்பத்துக்குக் காரணம், ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள்கள். கம்பெனி பொதுவாக வைத்திருக்கும் பழையது ஒன்று. அவரவர் வாங்கிய புதியது ஒன்று. பழையதை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

மறுபடி ரங்கையாவின் அறை. மறுபடி போன்.

"சார், பழைய பொது மென்பொருளை எடுத்துரலாமா? உங்க ஒப்புதல் உண்டா?"

கை உயர்ந்தது. "உண்டு."

எடுத்துவிட்டான்.

டெஸ்பேட்சில் லேபிள் அச்சாவது நின்றது. லேபிள் அடிக்கும் மென்பொருள், பழையதற்குள்தான் இருந்திருக்கிறது. அது அவனுக்கும் தெரியாது, காஞ்சனாவுக்கும் தெரியாது. அச்சு இயந்திரத்துக்குத் தெரிந்திருந்தது.

"பேஜாராவாதீங்க சார். நானே ஒண்ணு வாங்கிக்கிறேன். அதான் அனுமதி குடுத்துட்டாங்களே," என்றாள் காஞ்சனா. பட்டன் காட்டியது. அமுக்கினாள். லேபிள்கள் வந்தன. ஒட்டினார்கள். லாரி சித்தூருக்குப் போனது.

மறுநாள் சித்தூர்க் கடைக்காரர் போன் செய்தார். காஞ்சனா பேசிவிட்டு ஜெகநாதனைப் பார்த்தாள்.

"பெட்டி மேல எல்லாம் 'சோதனைக்கு மட்டும்'னு அடிச்சிக்கீதாம் சார்."

மென்பொருளின் இலவசச் சோதனைப் பதிப்பு. தான் அடிக்கும் ஒவ்வொரு லேபிளிலும் அது தன் நிலைமையைக் குறுக்கே எழுதியிருந்தது.

"என்ன சொல்லுதாரு?"

"டாய்லெட் மூடிய யார் சோதிச்சாங்கன்னு கேக்கறார். எத்தினி பேர் குந்தனாங்கன்னு கேக்கறார்."

"யாரும் உக்காரலன்னு சொல்லுங்க."

"சொன்னேன். அப்ப சோதிக்காமயே அனுப்பிச்சிட்டீங்களான்றார்."

எழுத்தை நீக்க முழுப் பதிப்புக்கு மாற வேண்டும். ஜெகநாதன் அந்தப் பொத்தானை அழுத்தினான். முழுப் பதிப்புக்கு உங்கள் நிர்வாகியைத் தொடர்புகொள்ளவும் என்று வந்தது.

இத்தனை நாளும் நிர்வாகி தேவையில்லை என்று சொன்ன அதே திரைதான் சொன்னது. ஜெகநாதனுக்குக் கண் கலங்கியது. தொடர்புகொண்டான். நிர்வாகியின் முகவரிக்கு ஒரு செய்தி அனுப்பியிருப்பதாகவும், அவர் பார்த்து ஒப்புதல் தந்தால் போதும் என்றும் வந்தது. நிர்வாகியின் முகவரி அவனுடையது. அது பழைய பொது மென்பொருளோடு போய்விட்டது.

தன்னைத் தானே பலமுறை தொடர்புகொண்டு பார்த்தான். பதில் இல்லை.

கடைசியாக ஒருமுறை ரங்கையாவின் அறைக்குப் போனான்.

"சார், கை மீறிப் போயிட்டு. ஹைதராபாத்துல சொல்லி ஆள் அனுப்பச் சொல்லுங்க. உதவி உண்டா?"

"உண்டு."

உதவி வரும் என்று தன் அறைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தான். அன்று முழுவதும் காத்திருந்தான். அந்த அறை சொன்னபடி அவன் சரியாக நடந்துகொண்டது அன்று மட்டும்தான். அது அவனுக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை சித்தூர் லாரி திரும்பி வந்தது. பெட்டிகள் எல்லாம் அதில் இருந்தன. சாய்குமார் அதை உள்ளே விடவில்லை. அதற்கு மீட்டிங் இல்லை. பின்னால் வந்த லாரிகள் சாலைவரை நின்று ஹாரன் அடித்தன.

சத்தம் கேட்டு ரங்கையா வெளியே வந்தார். கையில் போன் இருந்தது. காதில் இல்லை. அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

"ஏமய்யா இது? யார் பண்ணது?"

காஞ்சனா ஜெகநாதனைப் பார்த்தாள். சாய்குமாரும் பார்த்தான். ஜெகநாதன் திரும்பிப் பார்த்தான். பின்னால் சுவர்தான் இருந்தது.

"எவன் பர்மிஷன் குடுத்தான் உனக்கு?"

"நீங்கதான் சார்."

"நேனா?"

"ஒவ்வொரு தடவையும் உங்க ரூமுக்கு வந்து கேட்டுட்டுத்தான் சார் செஞ்சேன்."

"வந்தே. கேட்டே. ஓடிப் போய்ட்டே! ஒரு வார்த்த பதில் சொல்ல வுட்டியாய்யா நீ? நான் போனை வெச்சிட்டுப் பாத்தா எப்பவும் ஆளைக் காணோம்!"

ஜெகநாதனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெரிய இடத்தில் இருப்பவர்கள் கொடுத்த வாக்கை இப்படித்தான் மறப்பார்கள்போலும் என்று நினைத்தான்.

"சார், எல்லாம் போகட்டும். நீங்க எனக்குச் சொன்னது... அந்தப் பர்மனென்ட்..."

ரங்கையாவின் போன் அடித்தது. ஹைதராபாத். காதில் வைத்தார். ஜெகநாதனை நோக்கி வலது கையை உயர்த்தினார்.

"உண்டு," என்றார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஜெகநாதனுக்கு உயிர் வந்தது. இந்த முறை தனியாக இல்லை. எல்லார் முன்னிலையிலும் சொல்லியிருக்கிறார்.

அவன் போனும் அடித்தது. யமுனா.

"ரயிலு சித்தூர் தாண்டிட்டு. பாப்பாவுக்கு டி.சி. கையோட வாங்கிட்டேன். ஊர் வீட்டக் காலி பண்ணிச் சாவியையும் குடுத்தாச்சு. ஏங்க, குரல் ஒரு மாதிரி இருக்கு? வேலைக்கு ஒண்ணும் இல்லைல்லா?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கோவப்பட்டாரு. ஆனா பர்மனென்ட் உண்டுன்னு இப்பக்கூட எல்லாருக்கும் முன்னால வச்சுச் சொல்லிட்டுப் போறாரு. நீ தைரியமா வா. ஸ்டேஷனுக்கு வந்துருதேன்."

போனை வைத்தான். சந்திரம்மா கெட்டிலோடு பக்கத்தில் நின்றிருந்தாள். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா சொன்னார்னு சொன்னே நைனா?"

"நீங்களும் கேட்டீங்கல்லா. உண்டுன்னாரு."

சந்திரம்மா கெட்டிலைத் தரையில் வைத்தாள்.

"தெலுங்குல 'உண்டு'ன்னா, 'கொஞ்சம் பொறு'ன்னு அர்த்தம் நைனா."