இருபத்தேழாம் நம்பர்

எனக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்று எங்கள் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். உண்மையில் நான் ரகசியம் காப்பதற்கென்றே பயிற்சி பெற்றவள். சான்றிதழ்கூட வீட்டில் இருக்கிறது. வினையெல்லாம் அந்தப் பயிற்சிக்குப் பிறகுதான் வந்தது.

2005ஆம் வருடம். தெரணியகலைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போய் வந்த முதல் ஆள் நான். (எங்கள் குடும்பத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆளும் நானே.) தோளில் துணிப்பை, கையில் டேப் ரெக்கார்டர், பாதி நாள் மூடுபனி கிடக்கும் மலையில் கறுப்புக் கண்ணாடி. இந்தக் கோலத்தில் ஆய்வு உதவியாளராக ஊருக்கு வந்து இறங்கினேன்.

குழந்தைகள், தாய்மார், வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போய் வந்த பெண்கள் ஆகியோரின் அனுபவங்களை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதுவதுதான் ஆய்வு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் சமமாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில் எழுதியதை அவர்களுக்கே வாசித்துக் காட்ட வேண்டும். தலைவியாக இருந்த கொழும்பு மேடத்துக்குத் தமிழ் தெரியாது. ஆகவே தமிழுக்கு நான்தான் ராணி.

பயிற்சியில் மேடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: பெயரை எங்கேயும் எழுதாதே, ஆளுக்கு ஓர் எண் கொடு. எனக்குப் பளிச்சென்று ஒரு யோசனை. புதிதாக எதற்கு எண்? எல்லோருக்கும்தான் செக்ரோல் நம்பர் இருக்கிறதே!

தோட்டத்தில் பேர் பதிந்த ஒவ்வொருவருக்கும் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் ஒரு நம்பர் உண்டு. காலையில் வேலைக்குப் பிரிக்கும்போதும், கொழுந்து நிறுக்கும்போதும் கணக்கப்பிள்ளை அதைச் சொல்லித்தான் கூப்பிடுவார். அம்மாவுக்கு முப்பத்தொன்று. எந்த நம்பர் யார் என்பது நாங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து நாய்களுக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்ததை மறக்கும் அளவுக்கு நான் படித்திருந்தேன்.

முதலில் பிள்ளைகளை உட்கார வைத்து, "அம்மாவை வரைங்க" என்றேன். ஆறு வயது சுகன்யா ஒரு டெலிபோனை வரைந்தாள். அவளுடைய அம்மா ராஜேஸ் அக்கா நாலு வருடம் குவைத்தில் இருந்தவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி பஜாருக்குப் போய், கொமினிகேஷன் கடை டெலிபோனில் அம்மாவின் குரலைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. ராஜேஸ் அக்கா திரும்பி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மறுபடி கொழுந்தெடுக்கப் போய்க்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தைக் காட்டியதும் ராஜேஸ் அக்கா டேப்புக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "தங்கச்சி, வந்த அன்னிக்கு எம் புள்ள என்னைய ஆன்ட்டின்னு கூப்புட்டுச்சு. திரும்பிக் குவைத்துக்குப் போன்னு வீட்ல நிக்கிறாங்க. மெடிக்கல்ல பெயிலாப் போச்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். பொய்தான். நான் டெஸ்டுக்கே போகல. இந்தப் புள்ளைய விட்டுட்டு இனி என்னால போக முடியாது. மாமிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான்."

"பயப்படாதீங்கக்கா. உங்க பேரு எங்கயும் வராது," என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகும் புள்ளக்காம்பராவில் வாசித்துக் காட்டும் கூட்டம். பெண்கள், அவர்களுடைய மாமியார்கள், பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். முன் நாற்காலியில் மேடம். நான் செய்தி வாசிப்பவரைப் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினேன்.

"எண் பன்னிரண்டு கூறுகிறார்: என் கணவர் கோழிக்கறி வைத்த அன்று மட்டும் வேளையோடு வீடு வருகிறார்."

அத்தனை தலைகளும் செல்வி அக்கா பக்கம் திரும்பின. ஒரே சிரிப்பு. செல்வி அக்காவும் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் ஆய்வு மக்களைத் தொட்டுவிட்டது என்று நினைத்தேன். (குறிப்பேட்டில் "பங்கேற்பு மிக அதிகம்" என்று எழுதினேன். அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது.)

"எண் முப்பத்தொன்று கூறுகிறார்: மகள் படித்து வந்ததிலிருந்து நான் வாயைத் திறந்தாலே திருத்துகிறாள்."

கூரைத் தகரம் அதிரச் சிரித்தார்கள். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. "ஹரிம ஷோக்" என்று சிங்களத்தில் பாராட்டிக் கைதட்டினார். பெற்ற தாய் சொன்னதையும் மறைக்காமல் வாசிக்கிறேனே என்று எனக்கு என்மேலேயே மரியாதை வந்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் எழுந்து நின்று கையை ஆட்டினார்.

"போதும் புள்ள. நிப்பாட்டு. நம்பரைச் சொல்றியே..."

"குறுக்கால பேசாதீங்கம்மா," என்றேன், அத்தனை பேர் முன்னால். "எல்லாரும் கேக்கட்டும்."

அடுத்த தாளை எடுத்தேன். "எண் இருபத்தேழு கூறுகிறார்: மெடிக்கலில் பெயில் என்று வீட்டில் சொன்னது பொய். நான் பரிசோதனைக்கே போகவில்லை."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தலைகள் மட்டும் திரும்பின. ராஜேஸ் அக்கா சுகன்யாவை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த மாமியார் சத்தமே போடவில்லை. "பெயிலுன்னியே," என்று மட்டும் கேட்டார். மேடம் மறுபடி கைதட்டத் தொடங்கி, ஒருவரும் கூடச் சேராததால் நிறுத்திக்கொண்டார்.

அன்றிரவே ராஜேஸ் அக்காவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். கதவு திறக்கவில்லை. அப்போதுதான் எனக்கு எல்லா நம்பர்களும் முகங்களாக வரத் தொடங்கின.

மூன்றாம் மாதம் ராஜேஸ் அக்கா குவைத்துக்குப் போனாள். பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். வழியெல்லாம் மன்னிப்பை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் அவளே பேசினாள்.

"அந்த டேப்பு இருக்கா?"

"அழிக்கிறதுக்குக் கொழும்புக்கு அனுப்பச் சொல்லியிருக்காங்கக்கா. அது விதி."

"விதி." அவள் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். "புள்ளைய விட்டுட்டுப் போக முடியாதுன்னு நான் சொன்னது அதுல இருக்குல்ல? அதைப் புள்ள கேக்கட்டும். நான் விரும்பிப் போனதா நெனைச்சுக்கிட்டு வளரக் கூடாது."

கொழும்புக்குப் பதினெட்டு கசெட்டுகள் போக வேண்டியது, பதினேழுதான் போயின. ஒன்று மழையில் நனைந்துவிட்டது என்று எழுதினேன். நான் ஒழுங்காகக் காத்த ஒரே ரகசியம் அது. அந்தக் கசெட்டையும் ஒரு பழைய ரெக்கார்டரையும் சுகன்யாவிடம் கொடுத்தேன். முதல் தடவை கேட்டு முடித்ததும், "இன்னொருக்கா போடுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறு மாதிரி வாழ்கிறது. அம்மா எனக்கு போன் செய்தால், "முப்பத்தொன்னு பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார். வீட்டில் யாராவது குரலைத் தாழ்த்தினால் தம்பி குறுக்கே வருவான்: "அக்கா முன்னால பேசாதீங்க. பேரைச் சொல்ல மாட்டா, நம்பரைத்தான் சொல்லுவா." சித்தப்பாவிலிருந்து தம்பி மனைவி வரைக்கும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சாயங்காலங்களில் சுகன்யா பாடம் எழுத எங்கள் அம்மாவிடம் வருகிறாள். அவள் இருக்கும் நேரத்தில் அம்மா எனக்கு போன் செய்தால், நம்பரைச் சொல்லாமல் "அம்மா பேசுறேன்" என்கிறார்.