கூரை நாலு விரல் கூடுதல்

என் அன்புக்கும், அதைவிடச் சற்றுக் கூடுதலாக என் பயத்துக்கும் உரிய மனைவிக்கு, உன் கணவன் பட்டறையில் கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் தம்பியும் சுகம், அவனுக்கு எப்போதும் சுகம்தான். படகின் சுகத்தைப் பற்றிக் கீழே விவரமாக எழுதுகிறேன். நீ சுகமா என்று கேட்பது முறை. ஆனால் ஏரிக்கரையில் அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டிவிட்டு, தங்கள் வீட்டுப் பெரியவரைப் பார்த்துக்கொள்கிற உன்னை மட்டும் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் துணி இஸ்திரி போடும் மேசைக்கு அடியில் தலையை வைத்துப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ போனை எடுத்ததுமே உன் முதலாளியம்மா பக்கத்தில் வந்து நிற்கிற செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. போன தடவை நான், "உன்னப் பாக்கணும்போல இருக்குடி" என்று சொல்லி முடித்ததும், "பெரியவருக்கு மருந்து குடுத்தாச்சா?" என்று அந்த அம்மாள் குரல்தான் பதிலாக வந்தது. குடுத்தாச்சு என்று நானே சொல்லிவிட்டேன். அதனால்தான் கடிதம்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு ஆத்திரம் ஆறும். ஒரு முதலாளி புதுப் படகு வாங்கினார். பழையதை உடைத்துப் போடச் சொன்னார். உடைக்கிற வேலை என்னிடம் வந்தது. சம்மட்டியை எடுத்துக்கொண்டு கேபினுக்குள் இறங்கினால், உள்ளே இரண்டு கட்டில், ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, மூடினால் மூடிக்கொள்கிற ஒரு கதவு. மூடிக்கொள்கிற கதவு! கல்யாணம் ஆனதிலிருந்து நாம் இரண்டு பேரும் ஒரு கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்ததே இல்லை. நீ அந்த வீட்டில், நான் ஐந்து பேர் அறையில். அங்கே ராத்திரி வேலைக்காரன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அந்தக் கட்டிலில் நான் படுக்க வேண்டும். வீடு கேட்டுப் போன இடமெல்லாம், ஒருத்தி வீட்டோடு தங்கி வேலை பார்க்கிறாள், ஒருத்தன் பட்டறை, இவர்களுக்கு எதற்கு வீடு என்று கேட்டார்கள். வீடு இல்லாததால்தான் அப்படித் தங்கியிருக்கிறோம் என்று சொன்னால் புரியவில்லை. நான் சம்மட்டியைக் கீழே வைத்தேன். "சார், உடைக்கிறதுக்குப் பதிலா நானே எடுத்துக்கட்டுமா?" என்று பட்டறை மேனேஜரிடம் கேட்டேன். "குப்பையை யாரு எடுத்தா எனக்கென்ன" என்றார்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தாய். படியிறங்கினாய், நிமிர்ந்தாய், டங்கென்று கூரையில் தலை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தலையைத் தேய்த்துக்கொண்டே நீ சொன்னதும் இருக்கிறது: "நாள் பூரா அந்த வீட்ல குனிஞ்சுதான் நிக்கிறேன். சொந்த வீட்லயும் நிமிர முடியாதுன்னா எனக்கு வேணாம்." பஸ் ஏறிப் போய்விட்டாய். உயரமானவளைக் கட்டிக்கொண்ட குட்டையன் நான். எந்தக் கூரையும் எனக்கு வானம்தான். அதுவரை கூரை தாழ்வு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சரி, கூரையைத் தூக்குவோம் என்று முடிவெடுத்தேன். ஆனால் கூரை நிற்பது டெக்கின்மேல், அதாவது படகின் மேல்தளத்தின்மேல், அதனால் முதலில் டெக்கைப் பார்க்க வேண்டும். உன் தம்பி மேலே நடந்து பார்த்துவிட்டு, "மாமா, இங்க மெத்துமெத்துன்னு இருக்கு" என்றான். "பணக்காரன் படகுடா, மெத்தை வச்சிருப்பான்" என்றேன். எதற்கும் ஒரு மிதி மிதித்துப் பார்க்கச் சொன்னேன். நான் டெக்குக்கு அடியில் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று என் மூக்குக்கு நேரே மேலிருந்து ஒரு கால் இறங்கி நின்றது, செருப்போடு. மேலே பளபளவென்று ஃபைபர், நடுவில் பலகை, அடியில் இன்னொரு ஃபைபர். நடுப்பலகை எந்தக் காலத்திலோ ஊறிச் சோறாகிவிட்டிருக்கிறது. இந்தப் படகுத்துறையில் நிற்கிற பல விஷயங்கள் அப்படித்தான், ஆனால் அதை எழுதினால் உன் தம்பிக்கும் வேலை போகும். அழுகியதை மட்டும் அறுத்தெடுப்போம் என்று ஆரம்பித்தோம். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போய்ப் பார்த்தால் டெக்கே இல்லை. பெயின்டர் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்னப்பா, மேனேஜர் சொன்ன மாதிரி ஒடைச்சே முடிச்சிட்டீங்களா?" என்றார். பிறகு புதுப் பலகை, புது ஃபைபர், வாரக்கணக்கில் அரிப்பு. ஃபைபர் தூசி உடம்பில் ஒட்டினால் சோப்புக்கும் போகாது. அந்த ஐந்து பேர் அறையில் ஐந்து பேரும் சொறிந்துகொண்டு தூங்கினோம்.

அடுத்தது ஒயரிங். உன் தம்பி எலெக்ட்ரீஷியன் என்பதால் அவனிடமே விட்டேன், அது என் தப்பு. சமையலறை விளக்கைப் போட்டால் ஹாரன் அடித்தது. ஹாரனை அழுத்தினால் கழிப்பறையில் தண்ணீர் ஓடியது. "என்னடா இது?" என்றால், "எல்லாம் வேலை செய்யுதுல்ல மாமா? எடம்தான் மாறியிருக்கு" என்கிறான். ஹாரன் நிற்கவில்லை. மேனேஜர் ஆபீஸிலிருந்து ஓடிவந்து, "யாருய்யா ஹாரன் அடிக்கிறது?" என்று கத்தினார். "சமையல் நடக்குது சார்" என்று உன் தம்பி பணிவாகச் சொன்னான்.

எஞ்சினைப் பற்றி மட்டும் நான் தலைகுனிய ஒன்றுமில்லை. டீசல் டாங்கியிலிருந்து கறுப்புக் களியாக வழித்தெடுத்தேன். ஏரித் தண்ணீரை உறிஞ்சி எஞ்சினைக் குளிரவைக்கிற பம்பில் ரப்பர் இறக்கைகள் எல்லாம் உதிர்ந்திருந்தன. உதிர்ந்த துண்டுகள் குழாய்க்குள் எங்கே போய் அடைத்திருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தேன். துருப்பிடித்த புகைக்குழாயை மாற்றினேன். இப்போது ஓடும் எஞ்சின்மேல் டீ கிளாஸை வைத்தால் டீ ஆடாது. அந்தச் சத்தத்தைக் கேட்கும்போதெல்லாம், கதவுக்கு அந்தப் பக்கம் நீ தூங்கிக்கொண்டிருப்பதாக நினைத்துக்கொள்வேன். எழுப்பிவிடக் கூடாதே என்று எஞ்சினை இன்னும் மெதுவாக ஓடவிடுவேன்.

கடைசியாகக் கூரை. நீயும் உன் தம்பியும் ஒரே உயரம். அவனைக் கேபினில் நிற்கவைத்துத் தலைக்குமேல் கோடு போட்டேன். பிறகு, நீ கொண்டை போடுவாயே என்று, அவன் தலையில் ஒரு துணியைச் சுருட்டி வைத்து இன்னும் மேலே கோடு போட்டேன். "மாமா, அக்கா வீட்டுக்கு வர்றாளா, கிரீடம் வச்சுக்கிட்டு வர்றாளா?" என்றான். சிரிக்கட்டும். புதுக் கூரையை ஏற்றி, ஜன்னல்களுக்கு ரப்பர் போட்டு, மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை என்று பார்த்த அன்று, அடியில் தனியாக நின்றுகொண்டு கையை நீட்டிப் பார்த்தேன். எட்டவில்லை. அவ்வளவு சந்தோஷமாக எதுவும் எட்டாமல் போனது அன்றைக்குத்தான்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. நம் பட்டறை கால்வாயில் இருக்கிறது, உன் முதலாளி வீடு ஏரியில். கால்வாய் ஏரியில் சேருகிற இடத்தில் அந்தத் தாழ்வான பாலம். இங்கே படகைக் கொண்டுவருகிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்கிற முதல் வார்த்தை என்ன? "சார், ஏரிக்குப் போறதுன்னா பாலத்தப் பாத்துக்குங்க." உயரமான படகுகளின் கம்பத்தையெல்லாம் இறக்கிக் கட்டி அனுப்புகிறவனே நான்தான். அப்படிப்பட்டவன், தரையில் முட்டுக்கொடுத்து நின்ற படகின்மேல் மாதக்கணக்கில் கூரை கட்டினேன், பாலத்தை ஒரு நாள்கூட நினைக்கவில்லை. உன் கொண்டையை நினைத்தேன். கிரேனில் தூக்கி இறக்கினார்கள், மிதந்தது, எஞ்சின் பாடியது, கிளம்பினோம். முன்னால் நின்ற பெயின்டர் அண்ணன், "தம்பி, பாலம் வருது" என்றார்.

"வரட்டும்ணே."

"இல்ல தம்பி, பாலம் எறங்கி வருது."

ரிவர்ஸ் போட்டேன். போடுவதற்குள் கூரை விளக்கு போய்விட்டது. நாலு விரல். வெறும் நாலு விரல்தான் இடிக்கிறது. பாலத்தின்மேல் கூட்டம் கூடிவிட்டது. "டயர்ல காத்த எறக்கிப் பாருங்கப்பா!" என்று ஒருவன் யோசனை சொன்னான். "டயர் இருந்தா உன் மேலயே ஏத்தியிருப்பேன்டா!" என்றான் உன் தம்பி.

ஏரி மதகின் ஷட்டர் ஆபீஸுக்குப் போனேன். ஏரித் தண்ணீரை ஒரே அளவில் வைத்திருப்பது அவர்கள் வேலை. ஒரு மணி நேரம் நாலு விரல் இறக்கித் தாருங்கள் என்று கேட்டேன். "ஒரு போட்டுக்காக ஏரியையே எறக்கணுமா?" என்று சிரித்தார் அங்கிருந்தவர். போன வருஷம் ஒரு முதலாளியின் மாடிப் படகு உள்ளே வர இறக்கினார்களே என்று கேட்டேன். "அது பராமரிப்பு" என்றார். அப்படியென்றால் நம்முடையது என்ன? டிரம் டிரம்மாகத் தண்ணீர் நிரப்பிப் படகை அமுக்கிப் பார்த்தேன். ஒரு விரல் இறங்கியது. அதற்குமேல் வைக்க டிரம் இல்லை.

இதற்கிடையில் மேனேஜர் வந்து, பட்டறை இடத்தை விற்றாகிவிட்டது, ஏரியைப் பார்த்த மாதிரி அடுக்குமாடி வருகிறது, மாதக் கடைசிக்குள் வெளியேறாத படகுகளை உடைத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார். உடைக்கிற வேலை யாருக்கு என்று கேட்டேன். "உனக்குத்தான்யா, வேற யாருக்கு?" என்றார்.

ஆக, வழி ஒன்றுதான். கூரையை அறுத்து, பழைய உயரத்துக்கே இறக்கிவிடுகிறேன். நீ அதில் நிமிர முடியாது. கட்டிலில் உட்காரலாம், படுக்கலாம், கதவை மூடலாம், நிமிர முடியாது. நாளைச் சாயங்காலம் அறுக்க ஆரம்பிக்கிறேன். அதில் வந்து இருக்க உனக்குச் சம்மதமா என்று மட்டும் ஒரு வரி எழுது. வேண்டாம் என்றாலும் எழுது. உன்மேல் கோபப்பட மாட்டேன். உன்னைக் குனியச் சொல்லி எழுதுகிற முதல் ஆள் நான் இல்லை, ஆனால் நானும் ஒருவனாகிவிட்டேனே என்பதுதான் தாங்கவில்லை.

உன்னைக் கண்டால் மட்டும் சாப்பிடுகிற அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். உன் முதலாளியம்மாவுக்கு என் சார்பில் சொல்ல ஒன்றுமில்லை, சொன்னால் உன்னை அனுப்பிவிடுவாள். அனுப்பினால் நல்லதுதான், ஆனால் அது உன் வாயால் நடக்கட்டும். நீ நன்றாகத் தூங்கவும், உன் தம்பிக்கு எப்போதாவது எந்த ஒயர் எங்கே போகிறது என்று புரியவும் வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் குட்டையன்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கூரையைப் பற்றிய எதையும் நம்பாதே. கையெழுத்து ஆடுகிறது என்றால் எஞ்சின்மேல் பழி போடாதே. இதை மறுநாள் படகில் உட்கார்ந்து எழுதுகிறேன், என் முழங்கையில் மூன்று பேர் இடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்று சாயங்காலம் கூரையை அறுக்கப்போகிறான் என்று கேள்விப்பட்டு, மதியச் சாப்பாட்டு வேளையில் படகுத்துறை ஆட்கள் எல்லாம் அறுப்பதற்குமுன் வீட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள். படகு கழுவுகிற பெண்கள், காவல்காரர்கள், வெல்டர், கிரேன் ஓட்டுகிறவர், எல்லோரும் சாப்பாட்டுப் பெட்டியோடு. வருஷக்கணக்காக ஊரார் படகுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கியவர்கள், ஒருத்தர்கூட அதில் உட்கார்ந்தது கிடையாது, உட்கார்ந்தால் வேலை போய்விடும். இதில் உட்காரலாமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். டிரம் மேலெல்லாம் உட்கார்ந்தார்கள். கட்டிலில் ஆறு பேர், டெக்கில் நிற்க இடமில்லை. உன் தம்பி கதவைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டுகிறான். அப்போது கரையிலிருந்து பெயின்டர் அண்ணன் அலறினார்: "டேய், என் கோட்டக் காணோம்டா! தண்ணி மட்டத்துக்கு மேல போட்ட நீலக் கோடு! நேத்துதான்டா காஞ்சுது!"

நான் கோடு மூழ்கியிருந்த இடத்தைப் பார்த்தேன். பாலத்தைப் பார்த்தேன். "யாரும் எறங்காதீங்க!" என்று கத்தினேன். "மூச்ச உள்ள இழுத்துக்கணுமா, விடணுமா?" என்று ஓர் அக்கா கேட்டார். பெயின்டர் அண்ணனையும் அவருடைய மிச்ச டப்பாக்களையும் ஏற்றிக்கொண்டோம். பாலத்துக்கு அடியில் புகுந்தோம். கூரை சிமென்ட்டைத் தொட்டதா என்றால், பெயின்டில் ஒரு கீறல் இருக்கிறது, பெயின்டர் அண்ணன் அழுகிறார். நாங்கள் ஏரியில் இருக்கிறோம்.

அந்தப் பக்கம் போனதும் கரையில் இறக்கிவிடுகிறேன் என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். ஒருவரும் இறங்க மாட்டேன் என்கிறார்கள். மேனேஜர் கரையில் நின்று கடிகாரத்தைக் காட்டுகிறார், இவர்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் முதலாளி வீட்டுப் படகு மேடைக்கு நாங்களே கொண்டுவருகிறோம். ஹாரன் சத்தம் கேட்டால் யாரோ விளக்கைப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். சம்மதமா என்று இப்போதும் கேட்கத்தான் செய்கிறேன், வெளியே வந்து பதில் சொல். பையை எடுத்துக்கொண்டு வந்து சொன்னால் இன்னும் நல்லது. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: வீட்டில் உட்கார இடமில்லை. நிற்க இருக்கிறது.