வரையாட்டுக்கு இரண்டு முழக் கொம்பு

"நானும் மலை ஏறுவேன், மாமா" என்று ஸ்ரீநிவாஸ் சொன்னது ஒரு மரியாதைக்குத்தான்.

காதலிக்கும் ஸ்நேகாவைப் பெண் கேட்டு அவன் கரமனைக்கு வந்திருந்தான். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்நேகாவின் அப்பா வெங்கடேஸ்வரன், வந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. சுவரில் அகத்தியர் மலையின் படம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருந்தது. பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே என்று அதைப் பார்த்துச் சொல்லிவைத்தான். உண்மையில் டெக்னோபார்க்கில் முதல் மாடிக்கே லிப்டில் போகிறவன் அவன்.

வெங்கடேஸ்வரனுக்குக் காபி புரைக்கேறியது.

"ஏன்னா, கேட்டேளா!" என்று பாகீரதி மாமி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்தாள். "வருஷா வருஷம் நீங்க அந்த மூணு சிநேகிதாளோட போறேளே, இந்தத் தடவை இந்தப் பிள்ளையாண்டானையும் அழைச்சுண்டு போங்கோளேன்!"

வெங்கடேஸ்வரன் தலையில் தட்டிக்கொண்டே இருமி முடித்தார். அந்தத் தெருவில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அகத்தியர் மலைக்குப் பல வருஷமாக விடாமல் போய்வருகிறவர், வரையாட்டை நேருக்கு நேர் பார்த்தவர். வரையாடு என்பது மேற்கு மலை உச்சிகளில் மட்டும் அபூர்வமாகக் கண்ணில் படும் காட்டு ஆடு. அவர் திரும்பிவந்து சொல்லும் வர்ணனையைக் கேட்டே கரமனையில் ஒரு தலைமுறை வளர்ந்திருந்தது.

"அதெல்லாம் நடக்காது" என்றார். "பெர்மிட் ஆன்லைன்ல. காலம்பற திறந்தான். இத்தனை நாழிக்குள்ள எல்லாம் தீர்ந்துபோயிருக்கும்."

ஸ்ரீநிவாஸுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இனி எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம் என்று தோன்றிவிட்டது.

"அடாடா, எனக்கு ரொம்ப ஆசையா இருந்தது மாமா. வரையாட்டை நானே ரெண்டு தடவை பாத்திருக்கேன். இன்னொரு தடவை பாத்தா நன்னாருக்கும்னு நினைச்சேன்."

"இருக்கு!" என்றாள் ஸ்நேகா, மடியிலிருந்த லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கி. "யாரோ கேன்சல் பண்ணியிருக்கா. கரெக்டா ரெண்டு பேருக்கு. போட்டுட்டேன்."

இரண்டு ஆண்களும் லேப்டாப்பைப் பார்த்தார்கள். இருவர் முகத்திலும் ஒரே அளவு சந்தோஷம் தெரிந்தது.

கடைசியில் வெங்கடேஸ்வரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வா. மலையில மூணு நாள் கூட இருந்தா ஒரு மனுஷன் எப்பேர்ப்பட்டவன்னு தெரிஞ்சுடும். திரும்பி வந்து என் முடிவைச் சொல்றேன்."

வாசல்வரை வந்த ஸ்நேகா, "நீ எப்போடா மலையெல்லாம் ஏறினே?" என்று கேட்டாள்.

"ஏறினதில்லை. நீ ஏன் டிக்கெட் போட்டே?"

"ஆசையா இருந்ததுன்னு நீதானே சொன்னே? ஒழுங்கா ஏறிட்டு வா. அப்பா வேண்டாம்னா வேண்டாம்தான். போன வருஷம் வந்த வரன், பெங்களூர்ப் பையன், மலைன்னா போரடிக்கும்னான். அதோட சரி."

ஸ்நேகா இல்லாத ஒரு வாழ்க்கையை ஸ்ரீநிவாஸால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. ஆகவே படிக்க ஆரம்பித்தான். வரையாடு எப்படி இருக்கும் என்று ஸ்நேகாவிடமே கேட்டு, அவள் அப்பாவின் வர்ணனையை அட்சரம் பிசகாமல் மனப்பாடம் செய்துகொண்டான். கொம்பு இரண்டு முழம், அதுவும் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். தாடி முழங்கால்வரை. கண் நெருப்புத்துண்டு. இன்டர்நெட்டில் தேடலாம் என்று தோன்றியதுதான். ஆனால் நேரில் பார்த்த ஒருவர் கையருகில் இருக்கும்போது எவனோ போட்ட படம் எதற்கு என்று விட்டுவிட்டான். பழவங்காடிக் கடைகளில் அலைந்து ஒரு ஷூ, ஒரு கைத்தடி, காட்டில் ரத்தம் குடிக்கும் அட்டைக்கு ஒரு பை கல்லுப்பு வாங்கினான்.

தம்பானூரில் அதிகாலை பஸ்ஸில் ஏறும்போது வெங்கடேஸ்வரன் மட்டும்தான் வந்திருந்தார்.

"உங்க சிநேகிதாள்ளாம் மாமா?"

"ஒருத்தனுக்கு முட்டி வலி. ஒருத்தனுக்கு ஷுகர். இன்னொருத்தனுக்கு மனசு சரியில்லை" என்றார். அவருக்கும் மனசு அவ்வளவு சரியாக இருப்பதாகத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் இருக்கும் போணக்காடு வரும்வரை அவர் கண்ணையே திறக்கவில்லை.

அங்கே அவர்களோடு ஒரு சிறு கூட்டம் சேர்ந்தது. வழிகாட்டி சுதீஷ். நெடுமங்காட்டில் பல் டாக்டராக இருக்கும் ராகேல், கழுத்தில் ஒரு பெரிய கேமராவோடு. மற்ற நாலைந்து பேர் செல்ஃபி எடுப்பதில் மும்முரமாக இருந்ததால் அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

"நான் நாலு வருஷமாயிட்டு வர்றேன்" என்றார் ராகேல். "வரையாடு இதுவரைக்கும் கண்ணில் பட்டில்ல. நீங்க கண்டிட்டுண்டோ?"

"ரெண்டு தடவை" என்றான் ஸ்ரீநிவாஸ். வெங்கடேஸ்வரன் எதிரில் வேறு என்ன சொல்வது?

"ஓ! அப்போ நான் உங்க பின்னாடியேதான் வருவேன்."

அது நடக்கவில்லை. ஏனென்றால் முதல் ஓடையைத் தாண்டுவதற்குள் புது ஷூ கடிக்க ஆரம்பித்து, ஸ்ரீநிவாஸ் எல்லோருக்கும் பின்னால் போய்விட்டான். இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்தது. இரண்டாவது ஓடையில் அட்டைகள் ஏறின. அவன் அவசரமாகப் பையைத் திறந்து, முன்யோசனையுள்ள மனிதனாக, ஷூவுக்குள் இரண்டு கை உப்பை அள்ளிப் போட்டுக்கொண்டான்.

அவன் போட்ட சத்தத்தில் மரத்திலிருந்த குரங்குகள் கிளை மாறின.

"ஷூவில் உப்பிட்டது யாரு? நீங்களேயா?" என்று ராகேல் திரும்பி வந்து கேட்டார். பல் பிடுங்குகிறவருக்கே முகம் சுளித்தது. அதன்பின் அவனுடைய நடையைப் பார்த்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஒரு ஆறுதல், வெங்கடேஸ்வரன் அவனை விட்டு முன்னால் போகவேயில்லை. அவன் நின்றால் நின்றார். அவன் உட்காருவதற்கு முன்பே சில சமயம் உட்கார்ந்தார். ஒவ்வொரு நொடியும் எடை போடுகிறார் என்று ஸ்ரீநிவாஸ் நடுங்கினான். பாதை இரண்டாகப் பிரிந்த ஓர் இடத்தில், "எந்தப் பக்கம் மாமா?" என்றான்.

வெங்கடேஸ்வரன் இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தார். "நீயே சொல்லு, பாக்கலாம்."

பரீட்சை! ஸ்ரீநிவாஸ் இடது பக்கம் கைகாட்டினான். அரை மணி நேரம் நடந்தபின் ஒரு மூங்கில் புதரோடு பாதை முடிந்துபோனது. வெங்கடேஸ்வரன் மூங்கிலையே பார்த்துக்கொண்டு நின்றார். சுதீஷ் தேடி வந்துதான் இருவரையும் அழைத்துப்போக வேண்டியதாயிற்று.

"சாரே, போர்டு உண்டல்லோ அவிடெ!" என்றான் சுதீஷ்.

"தெரியும்" என்றார் வெங்கடேஸ்வரன். "இவன் பாக்கறானான்னு பாத்தேன்."

சாயந்திரம் முகாமில் கஞ்சியும் பயறும் கிடைத்தன. எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வரையாட்டைப் பற்றிச் சொல்லுங்கள் என்று ராகேல் கேட்டார். ஸ்ரீநிவாஸ் பணிவாக வெங்கடேஸ்வரனைப் பார்த்தான்.

"என்னை எதுக்குப் பாக்கறே? அதான் ரெண்டு தடவை பாத்திருக்கியே. நீ சொல்லு" என்றார் அவர்.

மனப்பாடம் செய்தது வீண்போகவில்லை. ஸ்ரீநிவாஸ் எடுத்துவிட்டான். இரண்டு முழக் கொம்பு, இரண்டு சுற்று, முழங்கால்வரை தாடி, நெருப்புத்துண்டுக் கண். ராகேலின் கரண்டி பாதியில் நின்றது. சுதீஷ் மட்டும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்து, "அங்ஙனெயா?" என்றான்.

"ஆமாம்" என்றார் வெங்கடேஸ்வரன் உறுதியாக. "அப்படித்தான் இருக்கும்."

அன்றைக்கு முதல்முறையாக அவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை. பாஸாகிவிடுவோம் என்ற நம்பிக்கை ஸ்ரீநிவாஸுக்கு வந்தது.

மறுநாள் உச்சியை நோக்கி ஏறினார்கள். மரங்கள் முடிந்து, புல்லும் பாறையுமாக மலை நின்றது. காற்று ஆளைத் தள்ளியது. பாதி வழியில் ஒரு தட்டைப் பாறையைக் கண்டதும் வெங்கடேஸ்வரன் அதில் சாய்ந்துவிட்டார்.

"நீங்கள்ளாம் போங்கோ" என்று மற்றவர்களிடம் கையசைத்தார். "மலையைக் கண்ணால பாக்கப்படாது. காதால கேக்கணும்." கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் மூச்சு சீராக வந்தது. எப்பேர்ப்பட்ட அனுபவம் என்று ஸ்ரீநிவாஸ் மெய்சிலிர்த்தான்.

ஷூவைக் கழற்றிப் பாறையின்மேல் காயவைத்துவிட்டு, மாமி கட்டிக் கொடுத்திருந்த தோசை மிளகாய்ப்பொடியை எதனுடன் சாப்பிடுவது என்று அவன் யோசித்துக்கொண்டிருந்தபோது, பின்னால் யாரோ நக்குகிற சத்தம் கேட்டது.

ஒரு ஆடு. பழுப்பு நிறம், கட்டை குட்டையாக. ஒரு முழம்கூட இல்லாத கொம்பு, பின்னால் வளைந்திருந்தது. தாடி என்று பேருக்கு ஒரு மயிர் இல்லை. கண்ணில் நெருப்பும் இல்லை, புகையும் இல்லை. அது அவனுடைய ஷூவுக்குள் மூக்கை விட்டு, அதில் ஒட்டியிருந்த உப்பை ரசித்து நக்கிக்கொண்டிருந்தது.

"சூ! போ!" என்றான்.

அது நிமிர்ந்து அவனை மரியாதையாகப் பார்த்துவிட்டு, அடுத்த ஷூவுக்குப் போயிற்று.

இருந்தது அந்த ஒரு ஜோடி ஷூ. ஸ்ரீநிவாஸ் கைத்தடியை எடுத்துப் பாறையில் ஓங்கித் தட்டினான். கையைத் தட்டினான். கடைசியில் ஒரு ஷூவைப் பிடுங்கி அதன் மூக்கருகில் ஆட்டி, "போ சனியனே! யார் வீட்டு ஆடு இது!" என்று கத்தினான். ஆடு ஒரே தாவாகத் தாவி, மனிதன் எட்டிப்பார்க்கவே பயப்படும் சரிவில் இறங்கி மறைந்துவிட்டது.

வெங்கடேஸ்வரன் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன?"

"ஒண்ணுமில்லை மாமா. ஒரு ஆடு. மேய விட்டுட்டுப் போயிருக்கா."

"ம்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மேலிருந்து ராகேலும் சுதீஷும் ஏறக்குறைய உருண்டே வந்தார்கள். ராகேல் பாறைக்குப் பின்னால் எட்டிப்பார்த்தார்.

"எவிடெ? இங்ஙோட்டு எறங்கி வந்ததல்லே? தூரத்திலேர்ந்து ஒரு படம்தான் கிட்டிச்சு. பக்கத்தில் காணணும்னு ஓடி வந்தோம்!"

கேமராவைத் திருப்பிக் காட்டினார். சின்னத் திரையில், பாறை ஓரத்தில், அந்தப் பழுப்பு ஆடு நின்றது.

ஸ்ரீநிவாஸ் திரையருகே குனிந்தான். "இதுவா... வரையாடு?"

"பின்னெ?" என்றான் சுதீஷ்.

"நான்... அதைத் துரத்திட்டேன்."

"துரத்தினீங்களா? எப்படி?"

அவன் கையில் இன்னும் ஷூ இருந்தது. ராகேல் அதைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார், பிறகு பாறையில் மெல்ல உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "நாலு வருஷம்" என்று மட்டும் சொன்னார். ஸ்ரீநிவாஸுக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் வெங்கடேஸ்வரன் எழுந்து, வேட்டியைத் தட்டிக் கட்டிக்கொண்டார்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றார். "இவன் என்ன பண்றான்னு பாத்துண்டிருந்தேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஸ்ரீநிவாஸ் மெதுவாகக் கேட்டான்.

"மாமா, கொம்பு ரெண்டு முழம்னு நீங்க சொன்னதா ஸ்நேகா..."

"அது ஆண். இது பெண்."

"தாடி?"

"குளிர்காலத்துல உதிர்ந்துடும்."

குளிர்காலத்தில் ஏன் உதிர வேண்டும் என்று கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. தோற்றுப்போனவன் குறுக்குக் கேள்வி கேட்பது அழகல்ல. ஸ்நேகாவிடம் என்ன சொல்வது என்று மட்டும் யோசித்துக்கொண்டு, ஜன்னல் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்து வந்தான். இனி அவளை எந்த உரிமையில் போனில் கூப்பிடுவது என்பதே அவனுக்குத் தெரியவில்லை.

தம்பானூரில் ஸ்நேகாவும் பாகீரதி மாமியும் காரோடு காத்திருந்தார்கள். மாமி ஆரத்தி எடுக்காத குறை.

"பாத்தேளா? வரையாடு பாத்தேளா?"

"பாத்தோம்" என்றார் வெங்கடேஸ்வரன். பையைக் கீழே வைத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மூன்று நாளில் முதல்முறையாக அவருக்குக் கரமனைக் குரல் திரும்பியிருந்தது. "பாத்து, அதைச் செருப்பால அடிக்காத குறையா விரட்டினான் உன் பிள்ளையாண்டான்."

"ஷூ மாமா" என்றான் ஸ்ரீநிவாஸ் ஈனஸ்வரத்தில்.

ஸ்நேகாவின் முகம் வாடியது. "அப்பா, தெரியாமப் பண்ணியிருப்பான்ப்பா..."

"அதைத்தான் நானும் சொல்றேன். தெரியாது. ஆனா தெரியும்னு சொன்னான். ரெண்டு தடவை பாத்தேன்னு என் வீட்டு ஹால்ல உக்காந்துண்டு பொய் சொன்னான். மத்தது எது வேணும்னாலும் நான் பொறுத்துப்பேன் ஸ்நேகா. ஏறாத மலையை ஏறினேன்னு சொல்றவனுக்கு என் பொண்ணைக் கொடுக்க மாட்டேன். இதுதான் என் முடிவு."

ஸ்ரீநிவாஸ் தலையைக் குனிந்துகொண்டான். அவர் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட அவனால் மறுக்க முடியவில்லை.

எதிரேயிருந்த லாட்ஜிலிருந்து, டீ பிளாஸ்க்கும் ரூம் சாவிக் கொத்துமாக ஒரு ஆள் சாலையைக் கடந்து வந்தான். அங்கே வேலை பார்க்கும் தாணு. வெங்கடேஸ்வரனைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துபோயிற்று.

"சாரே! வருசா வருசம் மலை சீசனுக்கு மூணு நாளும் நம்ம லாட்ஜில ரூம் போட்டுச் சீட்டு வெளையாடுவியளே, இந்த வருசம் எங்க போயிட்டிய? கூட்டாளிமாரு மூணு பேரும் ஆட்டத்துக்கு ஒரு கை கொறையுதுன்னு இப்பமும் மேல உங்களையே கேட்டுக்கிட்டு இருக்காவ!"