ஆறு அண்ணைமாரும் ஒரு படிவமும்

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் என் பெற்றோருக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் வேலைவாய்ப்பு அலுவலகக் கோப்பில் எனக்கு ஆறு அண்ணன்மாரும் மூன்று அக்காமாரும் ஒரு மாமாவும் இருந்தார்கள். அத்தனை பேரையும் ஒரே மத்தியானத்தில் உருவாக்கியவள் நான்தான்.

பாடன் நகரில் நான் பொதி கட்டிய தொழிற்சாலை எங்கள் பிரிவை மூடிவிட்டது. வேலையில்லாதோர் கொடுப்பனவு கிடைக்க வேண்டுமென்றால் மாதம் பத்து இடத்திலாவது வேலை கேட்டு, கேட்ட விவரத்தைப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரில் கேட்டாலும் போனில் கேட்டாலும் சரி. நானும் தெரிந்த தமிழர் கடை, சமையல்கூடம் எல்லாம் ஏறி இறங்கிக் கேட்டேன்.

"படிவத்தை நான் நிரப்பித் தரட்டோ?" என்றார் கணவர்.

"எனக்கு டொச் தெரியும். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ."

(தெரிந்த டொச், அதாவது ஜெர்மன் மொழி, பஸ்ஸில் சண்டை பிடிக்க மட்டும் போதுமானது.)

'யாரிடம் கேட்டீர்கள்?' என்றொரு கட்டம். அதில் 'சிவம்' என்று மொட்டையாக எழுத எனக்குக் கை வரவில்லை. என் மகள் பிறந்த அன்று தன் வான் வண்டியில் என்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன மனிதர். திருவாளர் என்ற பொருளில் 'ஹெர் சிவம்' என்றால் வரி கேட்டு வந்த ஆள் மாதிரி இருந்தது. ஆகவே மரியாதையாக, அண்ணை என்ற பொருளில் 'புறூடர் சிவம்' என்று எழுதினேன். ஒருவருக்குக் கொடுத்த மரியாதையை மற்றவருக்குக் கொடுக்காமல் விடலாமா? பெண்களுக்கு அக்கா என்ற பொருளில் 'ஷ்வெஸ்டர்' போட்டேன். பத்துப் பேரும் உறவானார்கள்.

என் ஆலோசகர் கெல்லர் அம்மையார் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"உங்களுக்குச் சகோதரர்கள் எத்தனை பேர்?"

"ஒருவருமில்லை. நான் தனிப்பிள்ளை." (இலக்கணப் பிழையில்லாமல் சொன்ன பெருமையில் நிமிர்ந்து வேறு உட்கார்ந்தேன்.)

"அப்படியானால் இந்த ஆறு பேர்?"

"அண்ணைமார்."

"அண்ணன் இல்லை என்றீர்களே?"

"ஓம், இல்லை. எங்கட ஆக்களில் வயதுக்கு மூத்த ஆம்பிளையள் எல்லாரும் அண்ணைதான்."

"எல்லாருமா?"

"என்ர மனுசனைத் தவிர."

அவர் சிரிக்கவில்லை. விவரம் பொய்யென்று தெரிந்தால் கொடுப்பனவை நிறுத்த வேண்டிவரும் என்றார். வீட்டில் அப்போது வருமானம் என்று அதுவும் கணவரின் அரைநேர வேலையும்தான். நிறுத்தினால் வாடகைக்கு என்ன செய்வது என்பதை விட, "நான் நிரப்பித் தரட்டோ என்று கேட்டனானே" என்று அவர் சொல்லப்போவதை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன்.

கெல்லர் அம்மையார் படிவத்திலிருந்த முதல் நம்பரை அழுத்தி, எனக்கும் கேட்கும்படி போனை மேசையில் வைத்தார். பாடனில் சமையல்கூடம் நடத்தும் சிவம் அண்ணை எடுத்தார்.

என் பெயரைச் சொல்லி, "இவர் உங்கள் தங்கையா?" என்று கேட்டார் கெல்லர் அம்மையார்.

எனக்கு ஏதோ ஆபத்து என்று அண்ணைக்கு விளங்கிவிட்டது. காப்பாற்ற இறங்கினார். (பேசியது டொச்தான். எனக்குத் தமிழில்தான் கேட்டது.)

"ஓம் ஓம், என்ர சொந்தத் தங்கச்சி! கூடப்பிறந்தவ!"

முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"உங்களிடம் வேலை கேட்டாரா?"

"கேட்டவ. இப்ப ஆள் தேவையில்லை எண்டு சொன்னனான்."

"சொந்தத் தங்கைக்கே வேலை இல்லை என்றீர்களா?"

போனில் அகப்பை ஒன்று விழுந்த ஒலி கேட்டது. வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி இப்படிக் கேட்ட பிறகு எந்த அண்ணைதான் தாங்குவார்?

"ஆர் இல்லையெண்டது? திங்கட்கிழமை வரச் சொல்லுங்கோ!"

கெல்லர் அம்மையார் போனை வைத்தார். கண்ணாடியைக் கழற்றி, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, மூச்சை ஆசை தீர இழுத்து விட்டேன். அத்தனை நிம்மதி.

இன்றைக்கும் சிவம் அண்ணையின் சமையல்கூடத்தில்தான் வேலை செய்கிறேன். நான் யாரையாவது அண்ணை என்று அறிமுகப்படுத்தினால் போதும், "இவர் வாய் அண்ணையோ, படிவ அண்ணையோ?" என்று கணவர் கேட்பார், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் கெல்லர் அம்மையார் கொத்துரொட்டி வாங்க வருவார். சிவம் அண்ணை அவருடைய பெட்டியைத் தனியாக எடுத்துவைத்து, மூடியில் தன் கையாலேயே பெரிதாக எழுதியிருப்பார்: 'ஷ்வெஸ்டர் கெல்லர்'.