மீன்கொத்திக்குக் கண் திறந்த கதை

மாமல்லபுரத்தில் உளிச்சத்தம் இல்லாத தெருவைக்கூடக் காட்டிவிடலாம். சிற்பி உடும்பு மாஸ்டரிடம் சொன்ன தேதியில் சிலை வாங்கிய ஆளைக் காட்டவே முடியாது.

பக்கத்துப் பட்டறைகளில் எல்லாம் பிள்ளையார், புத்தர். இவர் மட்டும் கீரி, நண்டு, ஆமை என்று செதுக்கிக்கொண்டிருப்பார். மதில்மேல் இவர் வைத்திருந்த கல் உடும்பை நிஜமென்று நினைத்துப் பிடிக்க ஒருநாள் தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. பட்டப்பெயர் அன்று ஒட்டியதுதான். மனுஷன் ஏதோ விருதே வாங்கிவிட்டதுபோல் பூரித்துப்போய் வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார்.

நாவலூரில் எங்கள் அடுக்குமாடிக் குளத்துக்கு ஒரு மீன்கொத்தி செய்யச் சொன்னேன். நான் குடியிருப்போர் சங்கச் செயலாளர். ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழாவுக்குச் சிலை வராவிட்டால் பதவியை விட்டுவிடுகிறேன் என்று கூட்டத்தில் சவடால் வேறு அடித்திருந்தேன். சனிக்கிழமை போய்ப் பார்த்தால் சிறகு, அலகு எல்லாம் பிரமாதம். கண்ணைத்தான் காணோம்.

"இன்னா மாஸ்டர், கண்ணு எங்க?"

"சாமி சிலைக்கு நல்ல நேரம் பாத்து, கடைசியாத்தானே கண்ணு தொறக்குறோம்? இதுக்கு மீன்கொத்தியே வந்து பாக்கணும். அதுக்குப் புடிச்சாத்தான் தொறப்பேன்."

"அது வரலைன்னா?"

"வர்ற வரைக்கும் குந்திக்கினு இருப்பேன். உனக்கு இன்னா சார் அவசரம்?"

கெஞ்சினேன், திட்டினேன். ஆள் உடும்புப் பிடியாக நின்றார். கடைசியில் சிலையையும் அவரையும் ஒரே லோடு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் குளக்கரையில் மொத்தக் குடியிருப்பும் கூடிவிட்டது. சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தார். ஒரு பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "என்ன சார், பறவைக்குக் கண்ணே இல்லையே?" என்றார். என் பதவி ஆட்டம் கண்டது. அந்த நேரம் பார்த்து வேப்பமரத்திலிருந்து நீலமாய் ஒன்று இறங்கியது.

"யாரும் மூச்சு வுடாதீங்க! யோவ், கத்திரிய ஆட்டாதய்யா!" என்று மாஸ்டர் விருந்தினரையே அதட்டினார்.

மீன்கொத்தி கல் மீன்கொத்தியின் தலையில் உட்கார்ந்தது. இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தது. பிறகு நிதானமாக எச்சம் போட்டுவிட்டுப் பறந்தது.

"ஒத்துக்கிச்சு!" என்று மாஸ்டர் குதித்தார். எச்சத்தைத் துடைக்கக்கூட விடாமல் உளியை எடுத்து, அங்கேயே கண்ணைத் திறந்தார். என் பதவி பிழைத்தது. கைதட்டலை எல்லாம் நான் வாங்கிக்கொண்டிருந்தேன். அவர் வேப்பமரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வரும்.

"வந்துச்சா?"

நான் சாப்பிட்டேனா, செத்தேனா என்று ஒரு வார்த்தை கேட்டதில்லை. மீன்கொத்தி இப்போது அந்தப் பக்கமே தலைகாட்டுவதில்லை. ஆனாலும், "வந்துச்சு மாஸ்டர், தலைமேலதான் குந்திக்கினு கீது" என்று சொல்லிவிடுகிறேன். அந்த மனுஷன் மனசு வாடினால் எனக்குச் சோறு இறங்காது.