லொக்கர் போட்ட பிக்கப்பும் பேனை தேடிய அண்ணையும்

வாகனத்துக்குச் சாமான் தெரிவுசெய்கிறவர்களில் பெரும்பாலானோர் தேவைக்காகச் செய்வார்கள். சிலர் மட்டும் கதைக்க ஆள் இல்லாத குறைக்குச் செய்வார்கள். நான் அந்தச் சிலரில் ஒருத்தி. லொக்கர் என்று ஒரு சாமான் உலகத்தில் இல்லாமல் போயிருந்தால், அந்த வருடம் எனக்கும் அண்ணைக்கும் இடையில் வானிலை அறிக்கையைத் தவிர வேறு கதையே இருந்திருக்காது.

நான் மாட்டு டொக்டர். (கால்நடை வைத்தியர் என்றுதான் பலகையில் எழுதியிருக்கிறது. அதை வாசித்துவிட்டு உள்ளே வந்த மாடு இதுவரை இல்லை.) கொக்குவிலில் எங்கள் வீட்டில் நான் தனிய. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஒரே அண்ணை, ஷெல்லடிக் காலத்தில் பள்ளிக்கூடம் முடித்த கையோடு புறப்பட்டுப் போய், ரொறன்ரோவில் எஞ்சினியராகிவிட்டார். ஞாயிறு காலையில் அழைப்பார். "சாப்பிட்டியோ? மழையோ? சரி, பிறகு எடுக்கிறன்." அவ்வளவுதான். குசினியில் நான் வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் கதை முடிந்துவிடும்.

என்னிடம் ஒரு பழைய யப்பான் பிக்கப் இருந்தது. நாலு சில்லும் இழுக்கும் என்று சொல்லித்தான் விற்றார்கள். மாரி காலத்தில் ஒரு நாள், கன்று ஈன முடியாமல் கிடந்த பசுவைப் பார்க்கத் தென்மராட்சிப் பக்கம் போனேன். வயல் பாதையில் வண்டி புதைந்தது. இறங்கிப் பார்த்தால் முன்னுக்கு ஒரு சில்லும் பின்னுக்கு ஒரு சில்லும்தான் சேற்றை வாரி இறைக்கின்றன. மற்ற இரண்டும் நல்ல தரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன. பையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தேன். (கன்று பிழைத்தது. என் செருப்பு பிழைக்கவில்லை.)

அடுத்த ஞாயிறு, மழையோ என்று அண்ணை கேட்டபோது இதைச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் கதிரை இழுபட்ட சத்தம் கேட்டது. மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"அது டிஃபரென்ஷலின்ரை குணம், பிள்ளை. வளைவிலை வெளிச்சில்லு கூடத் தூரம் ஓடவேணும், உள்சில்லு குறைய ஓடவேணும். அதுக்காக ரெண்டையும் பிரிச்சு விட்டிருக்கு. ஆனா ஒண்டு வழுக்கினா விசை முழுக்க அதுக்குத்தான் போகும். நீ ஒரு லொக்கர் போடு. ரெண்டையும் சேத்துப் பூட்டிவிடும்."

அன்று தேத்தண்ணி ஆறியது. அண்ணை ஃபோனை வைக்கவில்லை.

அதற்குப்பிறகு கிழமையில் மூன்று நாலு தரம் அழைப்பு வரும். எனக்கு விடியற்காலை, அவருக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். சுவிச்சைப் போட்டால் காற்றழுத்தத்தில் பூட்டுகிற லொக்கரா, எந்நேரமும் தானாகவே பூட்டிக்கொண்டு, வளைவில் மட்டும் விட்டுக்கொடுக்கிற லொக்கரா என்பதுதான் வழக்கு. ஒவ்வொரு நாளும் தார் றோட்டில் ஓடுகிற வண்டிக்குச் சுவிச்சு உள்ளதுதான் சரி என்பது அண்ணையின் தீர்ப்பு. தானாய்ப் பூட்டுவது வளைவுகளில் சத்தம் போடும், ரயரைத் தின்னும், மழையில் பின்பக்கத்தை ஆட்டும் என்று படம் கீறி அனுப்பினார்.

நான் தானாய்ப் பூட்டுகிறதைத்தான் வாங்கினேன். எந்தக் கறி வைப்பது என்பதிலிருந்து கூரை ஓடு மாற்றுவது வரைக்கும் எல்லாவற்றையும் நானே முடிவெடுக்கிற வீடு அது. ஒரு சாமானாவது தானாக முடிவெடுக்கட்டுமே என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர்க் கராஜ்காரர் சிவம் அண்ணை பெட்டியை உடைத்துப் பார்த்துவிட்டு, "நான் இதை முந்திக் கண்டதில்லைப் பிள்ளை, போட்டுப் பாப்பம்" என்றார். போட்டார். நான்தான் பார்த்தேன்.

வளைவில் திரும்பும்போது உள்ளே முறுகி முறுகி நின்று, திடீரென்று விடுபடும். அப்போது ஒரு சத்தம் வரும் பாருங்கள், டமார்! முதல் நாள் அதைக் கேட்டு நான் என்ன செய்தேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. சில கிழமைகளில் காது பழகிவிட்டது.

அண்ணைக்கு லொக்கர் போட்டதையே சொல்லவில்லை. சொன்னால் வழக்கு முடிந்துவிடும், பிறகு மறுபடியும் "சாப்பிட்டியோ, மழையோ"தான். ஆகவே பின்பக்கத்தில் லொக்கர் கிடக்க, விடியற்காலையில் கொட்டாவியோடு, "அப்ப காத்துப் பம்பை எங்கை பூட்டுறது, அண்ணை?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்க, குடும்பத்தோடு வருகிறோம் என்று அறிவித்தார் அண்ணை. அவர், அண்ணி, மகள் அபிரா. அண்ணியும் அபிராவும் கனடாவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், யாழ்ப்பாணம் பார்ப்பது அதுதான் முதல்.

யாழ்ப்பாணம் ஸ்ரேசனில் ஏற்றினேன். அண்ணை முன்னுக்கு, மற்ற இருவரும் பின்னுக்கு. பின்தட்டில் ஒரு வீட்டையே கட்டிவைக்கலாம் போன்ற பெட்டிகள். வளைவுகளை மெதுவாக எடுத்தால் சமாளித்துவிடலாம் என்று திட்டம். அவ்வளவு பாரத்தோடு அந்த லொக்கர் ஒருநாளும் திரும்பியதில்லை என்பதை நான் யோசிக்கவில்லை.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் திரும்பினேன். பின்னால் ஒரு பஸ்காரன் பாம் பாமென்று கோணை அமத்த, பதறிப்போய் அக்சிலேட்டரைக் கொஞ்சம் கூட மிதித்தேன்.

டமார்!

அந்த முடக்கில் ஒரு விசித்திரம் நடந்தது. நாற்பதைத் தாண்டியவர்கள் எல்லாரும் ஒருக்கால் குனிந்து நிமிர்ந்தார்கள். கச்சான் விற்ற அம்மா, ஓட்டோக்காரர், பான் பையோடு நின்ற ஒரு ஐயா. இளசுகள் ஃபோனைப் பார்த்தபடி நின்றன. திரும்பிப் பார்த்தேன், பக்கத்துச் சீற்றில் அண்ணை இல்லை.

கீழே இருந்தார். அந்தப் பெரிய உடம்பு டாஷ்போர்டுக்கு அடியில் எப்படிப் போனதோ தெரியாது. முழங்கால்கள் நாடிக்கு முட்ட, இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

பின்னாலிருந்து அபிரா சிரித்தாள். "அப்பா, வட் ஆர் யூ டூயிங்?" அண்ணியும் சிரித்தார். அண்ணை மெல்ல மேலே ஏறி, சேர்ட்டை இழுத்துவிட்டு, "பேனை விழுந்திட்டுது" என்றார்.

அவர் சேர்ட் பையில் பேனையே இருக்கவில்லை. நான் முன்னால் பார்த்து ஓட்டினேன். வீடு வரைக்கும் அவர் என்ன லொக்கர் என்று கேட்கவேயில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொண்டைமானாற்றுச் சந்நிதி கோயிலுக்குப் போனோம். எனக்கு மனம் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. இந்தச் சனியனால் ஒரு நன்மையும் உண்டு என்று அண்ணைக்குக் காட்டிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என் மூளை சொன்னது. (அந்த மூளையை நம்பித்தான் ஊர் மாடுகளுக்கு ஊசி போட விட்டிருக்கினம்.) கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால், தண்ணீர் வற்றிய ஏரி வெளியில் வண்டியை இறக்கினேன்.

"வேண்டாம் பிள்ளை," என்றார் அண்ணை.

"லொக்கர் இருக்கு அண்ணை!"

அந்த வெளி மேலே ரொட்டி மாதிரிக் காய்ந்திருக்கும், கீழே முழுக்கக் களி. லொக்கர் இல்லாவிட்டால் கரையிலேயே புதைந்திருப்போம். லொக்கர் இருந்தபடியால் நடு வெளிவரைக்கும் கம்பீரமாகப் போய், அங்கே புதைந்தோம். பின்சில்லு இரண்டும் ஒரே அளவில், ஒரே வேகத்தில், அச்சு முட்டக் களிக்குள் தாழ்ந்தன.

அண்ணி காஞ்சிபுரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முழங்கால்வரை களியில் கரைக்கு நடந்தார். அர்ச்சனைத் தட்டோடு பின்னால் போன அபிரா இடையில் சறுக்கி, களியில் இருந்தெழும்பினாள். தேங்காய் உருண்டது. கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் லான்ட்மாஸ்டர் உழவு மெசினைக் கொண்டுவரப் புறப்பட்டார்கள். அதில் ஒருவருடைய ஆட்டுக்கு நான் முந்தி மருந்து கொடுத்திருக்கிறேன். எட்டிப் பார்த்துவிட்டு, "டொக்டரம்மா, ரெண்டு சில்லும் நல்ல ஒற்றுமையாத்தான் புதைஞ்சிருக்கு" என்றார்.

கோயிலில் பூசை மணி அடித்தது. வண்டிக்குப் பக்கத்தில் நானும் அண்ணையும் மட்டும் களியில் நின்றோம். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். பின்சில்லு இரண்டையும் குனிந்து பார்த்தார்.

"தானாப் பூட்டுறதைத்தான் போட்டிருக்கிறாய்," என்றார்.

"ஓம்."

"எப்ப?"

"சித்திரைக்கு முந்தி."

"ஆனியிலையும் காத்துப் பம்பைப் பற்றிக் கேட்டனி."

நான் குனிந்து சில்லில் ஒட்டிய களியை வழித்தேன். அவர் அதற்குமேல் துருவவில்லை. வேறொன்று கேட்டார்.

"முதல்முதல் சத்தம் கேட்டது எங்கை?"

"கராஜிலை இருந்து வரேக்கை. எங்கடை ஒழுங்கை முடக்கிலை."

"நீ என்ன செய்தனி?"

"பிரேக்கை அமத்திப்போட்டு, சீற்றுக்குக் கீழை பூந்திட்டன். கதவு திறந்தபடி. பின்னாலை ஒரு சைக்கிள்காரர் மணி அடிச்சு அடிச்சுக் களைச்சுப் போனார்."

"பிறகு?"

"வீட்டை வந்தன். சோத்தை வடிச்சன்."

"ஆருக்குச் சொன்னனி?"

"ஆருக்குச் சொல்லுறது?"

"எனக்கு எடுத்திருக்கலாமே."

"எடுத்தா, லொக்கர் போட்டது தெரிஞ்சிடும்."

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். வண்டியைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கரையில் நின்ற அண்ணிக்கு எங்களைப் பார்த்து இன்னும் கோபம் வந்தது. லான்ட்மாஸ்டர் வந்து இழுத்தெடுத்தபோது பூசை முடிந்து, அன்னதானமும் முடிந்துவிட்டது.

லொக்கரை நான் இன்னும் கழற்றவில்லை. பண்ணைக்காரர்களுக்கு அந்தச் சத்தம் கேட்டால் டொக்டர் வருகிறா என்று தெரியும், படலையைத் திறந்துவைப்பார்கள்.

கதை இப்போது ரொறன்ரோவில் எங்கள் சொந்தக்காரர் வீடெல்லாம் ஓடுகிறது. கோப்பை விழுந்தாலும் கதவு அடித்தாலும் அபிரா, "அப்பா, மாமி வாறா!" என்று கத்துவாளாம். அண்ணை உடனே சாப்பாட்டு மேசைக்குக் கீழே பூருவாராம். வீடு சிரித்து உருளுமாம். பிறந்தநாள் கொண்டாட்டங்களில் வீடியோவில் என்னையும் எடுத்துக் கதையைச் சொல்லச் சொல்வார்கள். சொல்லுவேன். அண்ணியின் முழங்காலில் இருந்த களி வருடா வருடம் ஏறி இப்போது இடுப்பைத் தொட்டுவிட்டது. சொல்லி முடிய அவர்கள் கேக் வெட்டப் போய்விடுவார்கள். குசினியில் நான் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

மேசைக்குக் கீழே அவர் பூருவது அநேகமாக நடிப்புத்தான். எப்போதாவது ஒன்று நடிப்பில்லை. அது அங்கே ஒருவருக்கும் தெரியாது. அன்றைக்கு எனக்கு விடியும்போது அழைப்பு வரும்.

"இண்டைக்கு ஒண்டு, பிள்ளை."

"பெரிசோ?"

"பக்கத்து வீட்டுக்காரன் பலகை இறக்கேக்கை டமாரெண்டு போட்டிட்டான்."

"அவை சிரிச்சவையோ?"

"ஓம். நல்லாச் சிரிச்சவை."

"கேத்திலை வைச்சுப்போட்டு வாறன்," என்பேன். "ஃபோனை வையாதேங்கோ."