நூறு வாட் ஏன் தூங்குது?

திருச்சி ஜில்லாவில் கரண்டைக் கையால் தொட்டுப் பார்த்து, "இன்னைக்குக் கொஞ்சம் கம்மியா வருதுங்களே" என்று சொல்லிவிட்டு உயிரோடு வீட்டுக்குப் போன ஒரே மனிதர் எங்கள் 'டெஸ்டர்'தான். புறங்கையால் ஒரு தட்டு. உடனே நூற்றுத் தொண்ணூறு வோல்ட் என்பார். ஒருநாள் சந்தேகப்பட்டு மீட்டர் வைத்துப் பார்த்தோம். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு காட்டியது. மீட்டரை ரிப்பேருக்குக் கொடுக்கச் சொன்னார். நிஜப் பெயர் என்னவென்று அவர் சம்சாரமாவது கேட்டுத் தெரிந்துகொண்டாரா என்பது சந்தேகம்தான்.

ஐம்பதுகளின் கடைசி அது. ஸ்ரீரங்கத்தில் பிரம்மச்சாரிகள் தங்கும் ஒரு லாட்ஜில் நான் இருந்தேன். திருச்சியில் குமாஸ்தா உத்தியோகம். லாட்ஜுக்கு வயரிங் வேலை பார்க்க வருபவர் டெஸ்டர். மருங்காபுரிக்காரர், நாற்பத்தைந்து வயது, இருபது வருஷமாக ஒரே கான்ட்ராக்டரிடம் வேலை. அந்தக் கான்ட்ராக்டர் திடீரென்று, லைசென்ஸ் இல்லாத ஆள் இனி ஆகாது, இந்தத் தடவையும் வயர்மேன் பரீட்சையில் கோட்டை விட்டால் ஊரைப் பார்க்கப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஏற்கெனவே இரண்டு தடவை கோட்டை விட்டவர். வேலையில் இல்லை, வாய்க் கேள்வியில். கணக்கு என்றால் அவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நேரே என்னிடம் வந்தார். லாட்ஜிலேயே நான் ஒருவன்தான் பி.ஏ. ஐயா, அது ஹிஸ்டரி பி.ஏ. என்றேன். படிப்பில் என்ன சார் தனித்தனியா என்று கேட்டார். எனக்கும் மறுக்க மனசில்லை. காலேஜை விட்டு வந்த பிறகு என்னிடம் யாரும் எந்தச் சந்தேகமும் கேட்டதில்லை.

லைப்ரரியில் ஒரு புத்தகம் எடுத்தேன். முந்தின நாள் நான் படிப்பேன், மறுநாள் அவருக்குச் சொல்வேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் ரெசிஸ்டன்ஸ், அதாவது தடை. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட், அதாவது பவர். இருநூற்று முப்பது வோல்ட்டில் அரை ஆம்பியர் ஓடினால் தடை நானூற்று அறுபது ஓம், பவர் நூற்றுப் பதினைந்து வாட். பத்தே நாளில் மனுஷர் பிடித்துக்கொண்டார். நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்ட நேரத்தில்தான் வினை வந்தது.

அந்தக் கணக்குப்படி நூறு வாட் பல்பைவிட நாற்பது வாட் பல்புக்குத்தான் தடை அதிகம். தடை அதிகம், அதனால் கரண்ட் கம்மி, வெளிச்சமும் கம்மி. சரிதானே? டெஸ்டர் இரண்டு பல்பையும் ஒரே லைனில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஸ்விட்சைப் போட்டார். நாற்பது ஜோராக எரிந்தது. நூறு, தூக்கக் கலக்கத்தில் கண் திறந்த மாதிரி மங்கலாகச் சிவந்து முழித்தது.

"நூறு ஏன் சார் தூங்குது?"

லாட்ஜே இரண்டு கட்சியாகப் பிரிந்தது. நூறு பழசு என்றார்கள். புதுசு வாங்கி வந்தோம், அதுவும் தூங்கியது. முன்னால் இருக்கிற பல்ப் கரண்டைக் குடித்துவிடுகிறது என்றார்கள். இடம் மாற்றிப் போட்டோம், அப்போதும் நூறுதான் தூங்கியது. மேனேஜர் ஐயங்கார், எளியவனை ஒசத்தி வைக்கறது பெருமாளோட திருவுள்ளம், அதுல நாம தலையிடப்படாது என்று சொல்லிவிட்டுக் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார். எனக்கோ வாத்தியார் கோபம் வந்தது. பரீட்சையில் வகுக்கச் சொன்னால் வகுங்க, பெருக்கச் சொன்னால் பெருக்குங்க, இந்தப் பல்பைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று மிரட்டி வைத்தேன்.

பரீட்சை அன்று வயிற்றுவலி என்று லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். வராந்தாவில் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். ஆபீசர் கேட்ட கணக்குக்கெல்லாம் டாண் டாண் என்று பதில். சரி, போகலாம் என்றார் ஆபீசர். பாவி மனுஷர் போகவில்லை. நாற்பதையும் நூறையும் ஒரே லைனில் கோத்தால் எது நன்றாக எரியும் என்று ஆபீசரையே கேட்டார். இதில் என்ன சந்தேகம், நூறுதான் என்றார் அவர். டெஸ்டர் தோல்பையிலிருந்து இரண்டு பல்பையும் எடுத்து மாட்டிக் காட்டினார். எனக்கு நிஜமாகவே வயிறு வலிக்க ஆரம்பித்தது.

ஆபீசர் வகுத்தார், பெருக்கினார், எல்லாவற்றையும் அடித்தார். வரிசையில் நின்றவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் சிவந்துபோய், இதையெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்க, டெஸ்டர் பெருமையாக ஜன்னலைக் காட்டினார். என்னை உள்ளே கூப்பிட்டார்கள். வாத்தியாராமே, விடையைச் சொல்லும் என்றார் ஆபீசர்.

டெஸ்டர் முந்திக்கொண்டார். "சாருக்கு எல்லாம் தெரியுங்க. என் மண்டையிலதான் ஏறலை."

மண்டையில் ஏறாத ஆளுக்கு லைசென்ஸ் எதற்கு என்று ஆபீசர் பேனாவைத் திறந்தார். என் மானத்தைக் காப்பாற்ற இந்த மனுஷர் தன் பிழைப்பையே தூக்கிக் கொடுக்கிறாரே என்று எனக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு ஒரு மண்ணும் தெரியாதுங்க. நான் ஹிஸ்டரி படிச்சவன். பதில் தெரியாமத்தான் இதைக் கேட்கக் கூடாதுன்னு இவரை மிரட்டினேன். இவர் மண்டையில ஒரு குறையும் இல்லை" என்றேன்.

ஆபீசர் தன் முன்னால் கிடந்த அடித்தல் திருத்தல் காகிதத்தைப் பார்த்தார். அதைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு, பாஸ் என்று எழுதினார்.

அதற்கப்புறம் நாலு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு விடையைக் கண்டுபிடித்தேன். ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தால் இரண்டு பல்புக்குள்ளும் ஒரே கரண்ட்தான் ஓடியாக வேண்டும்; அப்போது தடை அதிகமுள்ள பல்புதான், அதாவது நாற்பதுதான், அதிகப் பவரை எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் விஷயம். ஓட்டமும் நடையுமாகப் போய் டெஸ்டரிடம் சொன்னேன். ஏணி மேல் நின்றபடி கேட்டார். பிறகு மெல்ல இறங்கி வந்தார். கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவையும் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா சார், எனக்காக அத்தனை பேர் முன்னாடி தெரியாதுன்னு சொன்னீங்க?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஏணியை நான் பிடிச்சுக்கறேன், நீங்க ஏறுங்க என்றுதான் சொன்னேன். என்னை அவ்வளவு கெட்டிக்காரன் என்றும் அவ்வளவு நல்லவன் என்றும் நம்பினவர் என் ஆயுசில் அவர் ஒருவர்தான்.